அம்மா கூப்பிட ஒரு பெயர்

அப்புத்தளைக்கும் பூனாகலைக்கும் இடையில் உள்ள தோட்டங்களில் என் தம்பியின் முகத்தைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவன் பெயரைக் கேட்காதவர்கள் இல்லை. எங்கள் அம்மா இராக்கம்மா அதை இருபது வருடங்களுக்கு மேலாக மலைக்கு மலை கேட்கும்படி கூப்பிட்டிருக்கிறாள். பதுளையா என்பது அவன் பெயர். ஊவா மாகாணம் முழுவதும் தேடினாலும் அந்தப் பெயரில் இன்னொருவன் கிடைக்க மாட்டான். நான் விசாரித்துவிட்டேன்.

தம்பி எங்கள் தோட்டத்துத் தபால்காரன். காலையில் தோல்பையை மாட்டிக்கொண்டு அப்புத்தளைக்கு ஏறுவான். மத்தியானம் துரையின் கடிதங்களோடு இறங்கி வருவான். அவன் நனைந்து பார்த்திருக்கிறேன், பை நனைந்து பார்த்ததில்லை. வேறு பெரிய காரியம் எதையும் அவன் செய்துவிடவில்லை. செய்த ஒரே பெரிய காரியத்தைப் பிறந்து முப்பது நாளைக்குள் செய்து முடித்தான். அதையும் பாதி நேரம் தூங்கிக்கொண்டே செய்தான். அதைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் ஆட்களில் ஒருத்தி தன் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். மாமனார் பெயரையும், புருஷனுக்கு மூத்தவர் பெயரையும் சொல்ல மாட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். இதனால் எவளும் பெரிதாகக் கஷ்டப்பட்டதில்லை. ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் பிள்ளையின் பெயரோடு சேர்த்து, இன்னாருடைய அப்பா என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அந்த வழியும் அடைபட்டிருந்தது. அடைத்தவன் நான்.

அப்பாவின் பெயர் இராசையா. எங்கள் லயத்திலேயே அடுத்த காம்பிராவில், அதாவது அடுத்த அறையில், இருந்த பெரியப்பாவின் பெயர் முருகையா. அவர் ஒரு கங்காணி, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவர் குரலுக்கு நாய்கூட நிமிர்ந்து நிற்கும். எனக்கு வைத்தது நல்லையா. அது தாத்தாவின் பெயர், அதாவது அம்மாவுக்கு மாமனார் பெயர். ஆகவே பெற்ற பிள்ளையை அம்மா ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தங்கள் தகப்பனார் பெயர் என்பதால் அப்பாவும் பெரியப்பாவும்கூட அதைச் சொல்லி என்னை அதட்ட மாட்டார்கள். எல்லோருக்கும் நான் ‘பெரியவனே’. எனக்குப் பின்னால் ஒருவரும் பிறக்காத காலத்திலேயே நான் பெரியவன்.

அம்மா இந்த வழக்கத்தில் சுத்தக்காரி. பெயரை மட்டுமல்ல, பெயரின் சாயல் உள்ள சொல்லையும் தொட மாட்டாள். மற்றப் பெண்கள் பிள்ளையை ‘என் ராசா’ என்று கொஞ்சும்போது அவள் வாயை மூடிக்கொள்வாள். ‘உப்பு நல்லா இருக்கா’ என்று கேட்க மாட்டாள். ‘உப்பு திருத்தமா இருக்கா’ என்பாள். மற்றபடி அவளிடம் இருந்ததெல்லாம் ‘ஏங்க’ ஒன்றுதான். மலையில் மூடுபனி இறங்கிய நேரம் சோற்றுச் சட்டியோடு நின்று ‘ஏங்க’ என்று கூப்பிட்டால் யார் புருஷன் வருவான் என்று சொல்ல முடியாது. ஒருநாள் அப்பாவின் சோற்றை வேறொருவர் சாப்பிட்டுவிட்டு, கருவாடு கொஞ்சம் கருகிப்போச்சு என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி வயிற்றில் இருந்தபோது ஆடித் திருவிழாவுக்குப் பதுளைக்குப் போனோம். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும், அதற்கப்பால் நடைதான். பதுளைக் கடைத்தெருவில் கூட்டம். நானும் அப்பாவும் ராட்டினத்தைப் பார்த்து நின்றுவிட்டோம், அம்மா முன்னால் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் எங்களைக் காணவில்லை. ‘ஏங்க’ என்று கத்தினாளாம். தெரு முழுவதும் திரும்பிப் பார்த்ததாம். பயமும் வெட்கமுமாக ஒரு துணிக்கடை வாசலில் நின்று கண்ணைக் கசக்கியிருக்கிறாள்.

கடைக்காரர் ஜுனைதீன் நானா எழுந்து வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் ‘நானா’ என்போம். இதற்குப் பிறகு நடந்ததை அவரே எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

“யாரத் தேடுறீங்க, தங்கச்சி?”

“எங்க வீட்டுக்காரரங்க.”

“ஒங்கட மாப்புளட பேரென்ன?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நானாவுக்குப் புரிந்துவிட்டது.

“எங்கட ஊட்டிலயும் இப்பிடித்தான். சரி, பேர வாயால சொல்ல வாணாம். ஏதும் அடையாளம் சொல்லுங்க.”

“நாட்டை ஆளுறவருங்க.”

நானா அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். “ஆளுறது வெள்ளக்காரனெல்லோ. ஒங்கட மாப்புள தொரயா?”

“ஐயையோ, இல்லைங்க. அவரு தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுறவருங்க.”

“அப்ப மகன்ட பேரச் சொல்லுங்க, கூப்பிடுவம்.”

“அது என் மாமனாரு பேருங்க.”

“கூட வேற ஆளு வரல்லயா? மாப்புளட அண்ணன், தம்பி?”

“மூத்தவரு ஒருத்தரு இருக்காரு. அதையும் சொல்லக்கூடாதுங்க.”

ஜுனைதீன் நானா நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஒங்கட பேரயாவது சொல்ல ஏலுமா?”

“இராக்கம்மாங்க.”

நானா ஒரு துணி மூட்டைமேல் ஏறி நின்றார். “இராக்கம்மாட மாப்புள எங்க? இராக்கம்மாட மாப்புள உடனே கடைக்கு வரணும்.” அவர் குரல் கோவில் மேளத்தையும் தாண்டியது. கடைத்தெரு சிரித்தது. அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார், பின்னால் நான். நாங்கள் தோட்டத்துக்குத் திரும்புமுன்பே அந்தச் செய்தி திரும்பிவிட்டது. அதற்குப் பின் கவ்வாத்து மலையில் அப்பாவை யாரும் இராசையா என்று அழைக்கவில்லை. ‘இராக்கம்மா மாப்புள, கத்தியைத் தீட்டியாச்சா?’ என்றே கேட்டார்கள்.

அன்று திரும்பும்போது அம்மா அப்பாவின் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஹாலிஎல தாண்டியதும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “இந்தப் பிள்ளைக்காவது என் வாயில வர்ற பேரா வைங்க.”

கார்த்திகை மழையில் தம்பி பிறந்தான். கறுப்பாக, உருண்டையாக, தலை நிறைய முடியோடு இருந்தான். தோட்டத்தில் அந்த வருடம் பிறந்த பிள்ளைகளில் எடுப்பானவன் அவன்தான். நான் அவனுடைய அண்ணன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

பிறந்த மறுநாளே பெரியப்பா வாசலில் வந்து நின்றார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை.

“தம்பி, முடிவு பண்ணிட்டேன். பயலுக்கு என் பேருதான். முப்பதாம் நாளு தீட்டுக் கழிச்சு நானே காதுல சொல்றேன்.”

அப்பாவுக்கு அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. உள்ளே பார்த்தார். அம்மா பிள்ளையைப் பார்த்தாள். முருகையா என்று வைத்தால் இந்தப் பிள்ளையும் அவளுக்கு ‘ஏய்’தான், ‘இந்தா’தான். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கதவுக்குப் பின்னால் இருந்தபடி என்னைப் பார்த்துப் பேசினாள். பெரியப்பாவிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை.

“பெரியவனே, அவங்க சொன்னா சரிதான்னு சொல்லு. ஆனா அந்தப் பேரச் சொல்ல எனக்குக் கூடாது. நீயும் அப்பாவும்தான் கூப்பிடணும். இப்பலேருந்தே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிக்கிட்டா பிள்ளைக்கும் பேரு ஒட்டும்.”

பெரியப்பாவுக்கு அது மரியாதையாகப் பட்டது. “அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

லயத்துக் காம்பிராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ‘நூறு வயசு’ என்பார்கள். எனக்கு அப்போது வயது பதிமூன்று, குரல் உடைந்துகொண்டிருந்த சமயம். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுவரை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பெரியப்பா அந்தப் பக்கம் சாப்பிட உட்கார்ந்த சத்தம் கேட்டது.

“முருகையா,” என்றேன், “மறுபடியும் நனைச்சுட்டியா?”

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

“அம்மா, முருகையா கால ஆட்டிக்கிட்டு மேலயே அடிச்சுட்டான். முருகையாவத் தூக்கிப் பிடிங்க, குண்டி கழுவணும்.”

மறுநாள் காலையில், “முருகையாவுக்கு வயித்தால போகுதும்மா, பச்சையா போகுது” என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, அன்று உண்மையாகவே பச்சையாகத்தான் போனது.

முதலில் அப்பா என்னை முறைத்தார். பிறந்ததிலிருந்து அண்ணன் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை, எப்போதும் ‘அண்ணே’தான். ஆனால் பிள்ளை அழுதுகொண்டே இருந்த ஒருநாள், தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். “டேய் முருகையா, இப்ப வாய மூடுறியா, முதுகுல ரெண்டு வைக்கட்டுமா?” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. அப்பா மட்டும், தேவையில்லாமல், இன்னும் இரண்டு தடவை அதட்டினார்.

பெரியப்பா பொறுத்தார். சட்டி பானைகளை மட்டும் சற்று ஓங்கி வைத்தார். அவர் பொறுமை உடைந்தது பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிமார் அவர் மகளைப் பெண் கேட்டு அவர் காம்பிராவுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா தலைப்பாகை கட்டி, கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணீர் கொடுத்தார்கள். வந்த கங்காணிகளில் மூத்தவர், “நம்ம முருகையாக் கங்காணின்னா துரையே எழுந்திரிப்பாரு” என்று தொடங்கினார்.

இந்தப் பக்கம் நான் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். “அம்மா, முருகையா மொட்டக்கட்டையா படுத்திருக்கான். கோமணம் கட்டி விடவா, இப்பிடியே கெடக்கட்டுமா?”

அந்தப் பக்கம் ஒருவருக்குத் தேத்தண்ணீர் மூக்கில் ஏறியது. இருமல் அடங்க வெகு நேரம் ஆனது. பெண் விஷயம் அன்று மேலே போகவில்லை. விருந்தாளிகள் போனதும் பெரியப்பா எங்கள் வாசலில் நின்றார். கோட்டைக் கழற்றவில்லை.

“போதும்டா,” என்றார் அப்பாவைப் பார்த்து. “இந்தப் பயலுக்கு என் பேரு வேணாம். உசிரோட இருக்கற எவன் பேரும் வேணாம். நான் பட்டது போதும், இன்னொருத்தன் படக்கூடாது.”

அம்மா கதவுக்குப் பின்னால் குனிந்து தொட்டில் துணியைச் சரிசெய்தாள். வெகு நேரம் சரிசெய்தாள். தோள் குலுங்கியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

பெயர் தேடும் வேலை பீலிக்கரைக்குப் போனது. அங்கேதான் லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கக் கூடுவார்கள். அம்மா ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள். அவள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளையைப் பார்க்கப்போவது வயதான பெண்கள்தான். லயத்துக்குப் பின்னால் பள்ளம். தவழும் பிள்ளை பள்ளத்துப் பக்கம் போனால் எவளாக இருந்தாலும் உடனே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் ஒருத்தி, இது என் புருஷனுக்கு மூத்தவர் பெயராயிற்றே என்று யோசித்து நிற்கக் கூடாது. ஆகவே ஒருத்திக்காவது ஆகாத பெயராக இருக்கக் கூடாது.

ஆனால் எந்தப் பெயர் ஆகாது என்பதை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? வாயைத் திறந்து சொன்னால்தான் ஆகாதே. ஒருத்தி மூக்கைத் தொட்டுக் காட்டினாள், மூக்கன் போயிற்று. ஒருத்தி பானையின் அடியைக் காட்டினாள், கருப்பையா போயிற்று. வெள்ளையன் பெண்சாதி எதையும் காட்டவில்லை. அவள் வழியைத் தோட்டம் அறியும். வெள்ளைத் துணியைச் ‘சுண்ணாம்புத் துணி’ என்பாள், துரையைச் ‘சுண்ணாம்புக்காரரு’ என்பாள். எங்கள் பக்கத்துக் காம்பிரா மாரியாயி அக்கா, “எங்க வீட்டுக்காரரு பேரு, திண்டுக்கல்லு தாண்டி ஒரு மலை, மேல சாமி, கீழ பஞ்சாமிர்தம்” என்றாள்.

“பழனின்னு சொல்லித் தொலையேன்” என்றாள் அம்மா.

“நீ சொல்லலாம் தாயி, உனக்கென்ன.”

இப்படியே சாமிகள் எல்லாம் தீர்ந்தார்கள். பிறகு மதுரை, அழகர்மலை, சங்கரன்கோவில் என்று கோவிலூர்கள் எல்லாம் தீர்ந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் மாமனாராக இருந்தது. குடங்கள் நிரம்பி வழிந்தன, ஒருத்தியும் எடுத்துவைக்கவில்லை. மாரியாயி அக்காதான் அலுத்துப்போய்ச் சொன்னாள். “இந்தப் பெரிய மனுசனுங்க எல்லாம் கடலுக்கு அக்கரையில பொறந்துட்டு, அங்க உள்ள பேரப் பூராவும் மூட்டை கட்டிக் கொண்டாந்துட்டாங்க. நமக்குன்னு ஒண்ணு மிச்சமில்ல.”

அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். மறுபடியும் கீழே வைத்தாள்.

“அப்ப இக்கரைப் பேரு?” என்றாள். “இங்க உள்ள ஊருப் பேருல எவளுக்காவது மாமனாரு இருக்காரா?”

ஒருத்திக்கும் இல்லை. இருக்க வழியும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெயரைச் சொன்னாள். நல்லையா, முருகையா, இராசையா என்ற எங்கள் வரிசையில் பிசகாமல் போய் உட்காரும் பெயர். அப்பா அதை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். துணிக்கடை மூட்டையின்மேல் நின்ற ஜுனைதீன் நானா அவர் கண்முன் வந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார். பெரியப்பாவைத்தான் சம்மதிக்கவைக்க வேண்டியிருந்தது.

“பதுளையாவா? ஊருப் பேரையா ஆளுக்கு வைப்பாங்க?”

அம்மா கதவுக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்துச் சொன்னாள். “பெரியவனே, மாரியாயி வீட்டுக்காரருக்கு வச்சிருக்கறது என்னவாம்? அது ஊரு இல்லையாமா?”

“பழனியில சாமி இருக்காருடா.”

“இங்க மயிலுமேல உக்காந்தவரு இல்லாமத்தான், அவங்க மூணு மாசம் முந்தி பதுளைக் கோயிலுல மொட்டை போட்டுட்டு வந்தாங்களாமா?”

பெரியப்பாவின் கை தானாகத் தலைப்பாகைக்குள் போயிற்று. முடி இன்னும் சரியாக வளர்ந்திருக்கவில்லை. முப்பதாம் நாள் அவரே பிள்ளையை மடியில் வைத்து, காதில் மூன்று தடவை ‘பதுளையா’ என்று சொன்னார். பிள்ளை அவர் மடியை நனைத்தது. யார் நனைத்தது என்று இந்த முறை அவரே சத்தமாகப் பெயர் சொல்லி அதட்டினார்.

சடங்கு முடிந்ததும் அம்மா பிள்ளையை என் கையில் கொடுத்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து மலைக்குப் போய் நிற்கச் சொன்னாள். நான் போய் நின்றேன். பனி இறங்கியிருந்தது, லயம் தெரியவில்லை. “பதுளையா” என்று அம்மா கூப்பிட்டாள். கடைசி எழுத்து நீண்டு, பள்ளத்தைத் தாண்டி வந்து, எனக்குப் பின்னால் இருந்த பாறையில் பட்டுத் திரும்பிப் போயிற்று. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளை கையில் தூங்கிவிட்டான். எனக்குக் கை கடுத்தது, ஆனாலும் நின்றேன். பதிமூன்று வருடங்களாக அடைத்து வைத்தது, இறங்க நேரம் ஆகுமல்லவா.

மறுநாள்தான் அந்தப் பெயரின் முழு வேலையும் தெரிந்தது. கவ்வாத்து மலைக்குச் சோறு கொண்டுவந்த அம்மா, பனிக்குள் நின்று, “பதுளையா அப்பா” என்று கூப்பிட்டாள். ஒரே ஒரு புருஷன் இறங்கி வந்தார். அடுப்படியிலிருந்து, “பதுளையா பெரியப்பாவுக்குக் கொழம்பு கொண்டுபோய்க் குடு” என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, “குடு, குடு” என்றார். அன்று சாயங்காலம் நான் விறகோடு வந்துகொண்டிருந்தபோது லயத்து வாசலில் இருந்து அம்மாவின் இன்னொரு கூப்பாடு வந்தது.

“பதுளையா அண்ணே!”

நான் திரும்பிப் பார்த்தேன். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான், அது நான் என்று தெரிந்தது.

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னால் சிரிப்பான். அவனுக்குப் பெருமை வேறு விதமாக வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ரயில் பதுளை வரைக்கும் ஓடத் தொடங்கியபோது எல்லோரும் போய்ப் பார்த்தோம். ஸ்டேஷன் பலகையில் எழுதியிருந்ததை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா வெற்றிலையை மென்றபடி, “எம் புள்ள பேருக்கு ரயிலு விட்டிருக்கான், பாரு” என்று பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னாள்.

போன தையில் தம்பிக்குப் பூனாகலைத் தோட்டத்துப் பெண் ஜெயலெட்சுமியைக் கட்டிவைத்தோம். ஊரெல்லாம் கூப்பிடவேண்டும் என்று தேடி எடுத்த பெயரைச் சொல்ல முடியாதவள் இப்போது ஒருத்தி வந்துவிட்டாள். தம்பி தபால் பையோடு இறங்கி வரும்போது அவள் வாசலில் நின்று தவிப்பாள். “அத்தை, கொஞ்சம் கூப்பிடுங்களேன்” என்பாள். அம்மா அசைய மாட்டாள். ஒரு கூப்பாட்டுக்கு ஒரு வெற்றிலை என்று கூலி வைத்திருக்கிறாள். வெற்றிலையைக் கையில் வாங்கிய பிறகுதான் மலை அதிரும்.

இப்போது ஜெயலெட்சுமிக்கு ஐந்து மாதம். வழக்கப்படி பையன் பிறந்தால் எங்கள் அப்பாவின் பெயர் வைக்கவேண்டும். அதை அம்மாவும் சொல்ல முடியாது, அவளும் சொல்ல முடியாது. பெரியப்பாவும் பல்லில்லாத வாயால், இந்தத் தடவையாவது தன் பெயரை வைக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார். அம்மா மரியாதையாக என்னைப் பார்த்தாள். பெரியப்பா உடனே, வேண்டாம், வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

நேற்றுப் பீலிக்கரையில் ஜெயலெட்சுமி அம்மாவின் பக்கத்தில் போய் மெல்ல ஏதோ கேட்டாள். தலை குனிந்திருந்தாள், காது வரைக்கும் வெட்கம். அம்மா அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள்.

“கவலைப்படாதே புள்ள,” என்றாள். “ஊவாவுல ஊருக்கா பஞ்சம்?”